பிழையை அனாமத்துக் கணக்கில் போடாதீர்கள்!

வணிகவியல் படிக்கும் மாணவர்களிடம் "ஒரு சின்ன பில்லிங் மென்பொருள் எழுதிப் பாருங்களேன்" என்று சொன்னால் போதும், பாதிப் பேர் பின்வாங்கிவிடுவார்கள். "அதெல்லாம் கம்ப்யூட்டர் சயின்ஸ் பசங்க வேலை, நமக்கு டெபிட் கிரெடிட் போதும்" என்பார்கள். பி.காம். கம்ப்யூட்டர் அப்ளிகேஷன்ஸ் என்று பட்டத்தின் பெயரிலேயே கணினியை வைத்திருப்பவர்களும் இதற்கு விதிவிலக்கு இல்லை. லேப் தேர்வுக்கு ரெக்கார்டு நோட்டில் இருக்கும் நிரலை மனப்பாடம் செய்து, அப்படியே தட்டச்சு செய்து, ஓடினால் கும்பிடு போட்டுவிட்டு வெளியே வருவது தான் பலருக்கும் தெரிந்த நிரலாக்கம்! ஓடாவிட்டால்? அங்கே தான் சிக்கல். மனப்பாடம் செய்த நிரலில் எங்கே தப்பு என்று தேட மனப்பாடம் உதவாது.

ஆனால் உண்மையைச் சொன்னால், பிழை தேடுவதில் வணிகவியல் மாணவருக்குத் தான் முன்பயிற்சி அதிகம். கணக்கியல் பாடத்தில் "பிழைத் திருத்தம்" என்று ஒரு தனி அத்தியாயமே இருக்கிறது. இருப்பாய்வு பொருந்தவில்லை என்றால் என்ன செய்ய வேண்டும் என்று படிப்படியாகச் சொல்லிக் கொடுக்கிறார்கள். வித்தியாசத் தொகையை 2 ஆல் வகுத்துப் பார், அந்தத் தொகை பக்கம் மாறிப் பதிவாகியிருக்கலாம். 9 ஆல் மீதியில்லாமல் வகுபடுகிறதா பார், 54 என்பதை 45 என்று இலக்கம் மாற்றி எழுதியிருக்கலாம். இது தானே பிழை தேடும் கலை? நிரலாளர்கள் செய்வதும் இதே வேலை தான்.

அதே பாடத்தில் இன்னொன்றும் வரும். வித்தியாசம் எங்கே என்று உடனே தெரியவில்லை என்றால் தற்காலிகமாக அதை அனாமத்துக் கணக்கில், அதாவது சஸ்பென்ஸ் அக்கவுண்டில் போட்டு வைக்கலாம். பிழை கிடைத்ததும் அந்தக் கணக்கை முடித்துவிட வேண்டும். முடிக்காமலே வருடக்கணக்கில் வைத்திருந்தால் ஆடிட்டர் சும்மா விடுவாரா?

நிரலாக்கத்தில் புதியவர்கள் செய்யும் மிகப் பெரிய தவறு இந்த அனாமத்துக் கணக்கு தான். பிழை வந்தால் காரணத்தைத் தேடாமல் அதன் வாயை அடைத்துவிடுகிறார்கள். மற்ற பிரச்சினைகள் எல்லாம் இதற்குப் பிறகு தான்.

வாயை அடைக்கும் ஒரே ஒரு வரி

நம் ஊர் வணிகவியல் மாணவர்கள் பலருக்கு மேசைக்கணினி மென்பொருள் அறிமுகமானது விஷுவல் பேசிக் வழியாகத் தான். அதன் ஆறாம் பதிப்பு 1998-ல் வந்தது. அதை எழுதும் சூழலுக்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த ஆதரவு 2008 ஏப்ரலோடு முடிந்துவிட்டது. ஆனாலும் அதில் எழுதிய மென்பொருள்கள் விண்டோஸ் 11-லும் ஓடுகின்றன. எனவே உதாரணங்களுக்கு அதையே எடுத்துக்கொள்ளலாம். சி ஷார்ப், பைத்தான் என்று மொழி மாறினாலும் கதை ஒன்று தான்.

அந்த மொழியில் "ஆன் எரர் ரெஸ்யூம் நெக்ஸ்ட்" என்று ஒரு வரி உண்டு. "பிழை வந்தால் கண்டுகொள்ளாதே, அடுத்த வரிக்குப் போ" என்று அர்த்தம். இதை நிரலின் தலையில் எழுதிவிட்டால் பிழைச் செய்தி வரவே வராது. சி ஷார்ப்பில் வெறும் கேட்ச் கட்டம், பைத்தானில் எக்செப்ட் போட்டு அடியில் பாஸ். எல்லாம் ஒரே குட்டையில் ஊறிய மட்டை.

இதனால் என்ன கேடு என்று ஒரு சின்ன கணக்கு போட்டுப் பார்ப்போம். விஷுவல் பேசிக் 6-ல் இன்டீஜர் என்று அறிவித்த மாறியில் அதிகபட்சம் 32,767 வரை தான் வைக்க முடியும். ஒரு மளிகைக் கடைக்கு எழுதிய மென்பொருளில் பில் எண்ணை இன்டீஜராக வைத்துவிட்டார் ஒரு மாணவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு 100 பில் போடும் கடை. முந்நூற்று இருபத்தேழு நாட்கள் ஒரு குறையும் இல்லை. 328-ம் நாள் 32,768-வது பில் வரும்போது "ஓவர்ஃப்ளோ" என்று பிழை வரும். பிழை எண் 6. கடைக்காரர் திட்டுவார், மாணவர் போய் இன்டீஜரை லாங் என்று மாற்றுவார், பிரச்சினை தீர்ந்தது.

அந்த "கண்டுகொள்ளாதே" வரி மேலே இருந்திருந்தால்? பிழை வராது. பில் எண்ணோடு ஒன்றைக் கூட்டும் வரி தோற்றுப்போகும். எண் 32,767-லேயே நிற்கும். அடுத்தடுத்து வரும் எல்லா பில்லுக்கும் ஒரே எண்! கடைக்காரருக்கு அது தெரியவரும்போது எத்தனை பில் போயிருக்குமோ... பிழைச் செய்தி எதிரி மாதிரி தெரிந்தாலும், உண்மையில் அந்தக் கடையைக் காப்பாற்ற வந்த ஒரே ஆள் அது தான்.

செய்தியைப் படித்தாலே பாதி வேலை முடிந்தது

பிழைப் பெட்டி வந்ததும் ஓகே பொத்தானை அழுத்தி மூடிவிட்டுப் பக்கத்து இருக்கை நண்பனிடம் "ஏதோ எரர் வருதுடா" என்பது வழக்கம். என்ன எரர் என்று கேட்டால் தெரியாது! டாக்டரிடம் போய் "ஏதோ வலிக்குது" என்று சொல்வது போல.

எண்ணையும் செய்தியையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டால் போதும். அதே நாலைந்து பிழைகள் தான் திரும்பத் திரும்ப வரும். பிழை எண் 91 வந்தால், ஒரு பொருளுக்குப் பெயர் வைத்தாகிவிட்டது, ஆனால் பொருளை உருவாக்கவில்லை என்று அர்த்தம். வங்கியில் கணக்கு தொடங்காமலே காசோலை எழுதியது மாதிரி. டாட்நெட்டில் "ஆப்ஜெக்ட் ரெஃபரன்ஸ் நாட் செட்" என்று வருவதும் இதே வியாதி. இல்லாத பொருளைச் சுட்டும் இந்த "நல்" என்கிற வசதியை 1965-ல் ஆல்கால் டபிள்யூ மொழிக்காகக் கொண்டுவந்தவர் டோனி ஹோர். அவரே 2009-ல் ஓர் உரையில் அதைத் தன்னுடைய நூறு கோடி டாலர் தவறு என்று சொன்னார். அவ்வளவு பெரிய மேதையின் தவறே இன்றைக்கும் எல்லோரையும் படுத்துகிறது என்றால், முதலாண்டு மாணவர் 91-ஐப் பார்த்து வெட்கப்பட ஒன்றுமில்லை :-)

பணத்துக்கு டபுள் வேண்டாம்

வணிகவியல் மாணவர் எழுதும் மென்பொருளில் பணம் இல்லாமல் இருக்காது. தசமப் புள்ளி வேண்டும் என்பதால் டபுள் என்று அறிவித்துவிடுகிறார்கள். டபுள் வகை எண்களை இருமத்தில் சேமிக்கிறது. நம் பத்து பைசா, அதாவது 0.1 என்பது இருமத்தில் முடிவில்லாமல் நீளும் எண். மூன்றில் ஒரு பங்கை 0.3333 என்று எழுதி எங்கேயோ நிறுத்திக்கொள்வது போல கணினியும் எங்கேயோ வெட்டிக்கொள்கிறது. விளைவு: பத்து பைசாவைப் பத்து முறை கூட்டினால் ஒரு ரூபாய் வராது, 0.9999999999999999 வரும். திரையில் காட்டும்போது சில மொழிகள் அதை முழுசாக்கி 1 என்றே காட்டிவிடும். ஆனால் "ஒன்றுக்குச் சமமா?" என்று கேட்டால் இல்லை என்று பதில் வரும். பற்றும் வரவும் கண்ணுக்குச் சமமாகத் தெரியும், மென்பொருளோ "பொருந்தவில்லை" என்று அடம்பிடிக்கும்!

தீர்வு எளிது. விஷுவல் பேசிக் 6-ல் கரன்சி என்று ஒரு வகை பணத்துக்கென்றே இருக்கிறது. நான்கு தசம இடம் வரை துல்லியமாகப் பிடிக்கும். டாட்நெட்டிலும் பைத்தானிலும் டெசிமல் வகை இருக்கிறது.

முழுமையாக்குவதிலும் ஒரு பொறி உண்டு. விஷுவல் பேசிக்கின் ரவுண்டு கட்டளைக்கு 112.50 கொடுத்தால் 112 வரும், 113.50 கொடுத்தால் 114 வரும். சரிபாதியில் நிற்கும் எண்ணை அருகிலுள்ள இரட்டைப்படை எண்ணுக்குத் தள்ளும் முறை அது. நம் ஜி.எஸ்.டி. சட்டத்தின் 170-வது பிரிவு சொல்வதோ வேறு: 50 பைசாவோ அதற்கு மேலோ இருந்தால் ஒரு ரூபாயாக உயர்த்து, குறைவாக இருந்தால் விட்டுவிடு. அதன்படி 112.50 ரூபாய் வரி 113 ஆக வேண்டும். கட்டளை சரியாகத் தான் வேலை செய்கிறது, சட்டத்துக்குத் தான் பொருந்தவில்லை. டாட்நெட்டில் "அவே ஃப்ரம் ஜீரோ" என்று தனியாகச் சொன்னால் தான் சட்டப்படி வரும். கணினி மட்டும் படித்தவருக்கு இது கண்ணில் படாமல் போகலாம். வரிச் சட்டம் படித்தவருக்குப் பட வேண்டும்!

சில்லறைக் காசு தானே என்று நினைப்பவர்களுக்கு ஒரு நிஜக் கதை. கனடாவின் வான்கூவர் பங்குச் சந்தை 1982-ல் ஒரு குறியீட்டெண்ணை 1000 புள்ளியில் தொடங்கியது. ஒவ்வொரு வர்த்தகத்துக்குப் பிறகும் குறியீட்டைத் திருத்தும்போது மூன்றாவது தசமத்துக்கு அப்பால் இருப்பதை முழுமையாக்காமல் அப்படியே வெட்டி எறிந்தார்கள். ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கான முறை. 1983 நவம்பரில் குறியீடு 524-க்கு வந்து நின்றது. சந்தை நன்றாக இருக்கும்போதே குறியீடு விழுகிறதே என்று தேடி, சரியாகக் கணக்கிட்டபோது கிடைத்த எண் 1098! பாதிக்கு மேல் காணாமல் போனது ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழான துணுக்குகளில்.

ஏப்ரல் ஒன்றா, ஜனவரி நான்கா?

ஆக்சஸ் தரவுத்தளத்தோடு வேலை செய்பவர்களுக்கு இந்தப் பிரச்சினை நிச்சயம். வினவல் வாக்கியத்துக்குள் தேதியை 01/04/2024 என்று ஒட்டினால் ஆக்சஸ் அதை அமெரிக்க முறையில் மாதம், நாள் என்று படிக்கும். நம் நிதியாண்டின் முதல் நாள் ஜனவரி 4 ஆகிவிடும். இதைவிட மோசம் என்னவென்றால், 13/04/2024 என்று கொடுத்தால் பதின்மூன்றாவது மாதம் இல்லையே என்று அதுவாகவே புரட்டிப்போட்டு ஏப்ரல் 13 என்று சரியாக எடுத்துக்கொள்ளும். மாதத்தின் முதல் 12 நாட்களுக்குத் தப்பு, 13-ம் தேதியிலிருந்து சரி! மாதக் கடைசியில் சோதித்துப் பார்த்த மாணவருக்கு எல்லாம் பிரமாதமாக ஓடும்.

தேதியை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் கொடுத்தால் குழப்பம் இல்லை. அதைவிட நல்லது, வாக்கியத்துக்குள் ஒட்டாமல் பாராமீட்டராகக் கொடுப்பது. பாராமீட்டர் இன்னொரு தலைவலியையும் தீர்க்கும். வாடிக்கையாளர் பெயர் டி'சூசா என்று இருந்தால், ஆங்கிலத்தில் எழுதும்போது நடுவில் வரும் அந்த ஒற்றைக் குறி வினவலைப் பாதியில் முறித்துவிடும். அந்தப் பெயரில் கடனுக்கு யாராவது சரக்கு வாங்கினால் பதிவே ஆகாது. "பெயரில் குறி போடாதீர்கள்" என்று வாடிக்கையாளரிடம் சொல்வது தீர்வாகாது. மேலும், ஒட்டுப்போட்ட வினவலின் இதே ஓட்டை வழியாகத் தான் வேண்டாதவர்கள் தங்கள் கட்டளையை உள்ளே நுழைக்கிறார்கள்.

உறைந்து போகும் ஜன்னல்

ஆண்டறிக்கை பொத்தானை அழுத்தினால் ஜன்னல் வெளிறிப்போய் "நாட் ரெஸ்பாண்டிங்" என்று வருகிறது. மென்பொருள் செத்துவிட்டதா? இல்லை. வங்கியில் ஒரே ஒரு கவுண்டர், அந்தக் குமாஸ்தாவை உள்ளே அனுப்பி ஐம்பதாயிரம் வவுச்சர் எண்ணச் சொன்னால் வெளியே வரிசை நகருமா? சுட்டி, விசைப்பலகை, திரையை வரைவது எல்லாவற்றையும் கவனிக்கும் இழை ஒன்று தான். அது சுமார் 5 விநாடி பதில் சொல்லவில்லை என்றால் விண்டோஸ் இப்படி அறிவித்துவிடும்.

இதற்கு டூஈவன்ட்ஸ் என்று ஒரு கட்டளையை நடுவில் செருகச் சொல்லிப் பலரும் பரிந்துரைப்பார்கள். ஜன்னல் உறையாது, உண்மை. ஆனால் பொறுமையில்லாதவர் சேமி பொத்தானை இரண்டாவது முறை அழுத்தினால் அதுவும் வேலை செய்யும், ஒரே பில் இரண்டு முறை பதிவாகும்! குறைந்தபட்சம் வேலை முடியும் வரை பொத்தானைச் செயலிழக்கச் செய்ய வேண்டும். டாட்நெட் என்றால் 2005-லிருந்து பேக்ரவுண்டு வொர்க்கர் இருக்கிறது, 2012-லிருந்து அசிங்க், அவெய்ட் இருக்கின்றன. நீண்ட வேலையைப் பின்னால் இன்னொரு இழைக்கு அனுப்பிவிடலாம். அந்த இழை நேரடியாகத் திரையைத் தொட்டால் "கிராஸ் த்ரெட்" பிழை வரும். இன்வோக் மூலம் திரையின் சொந்த இழையிடம் வேலையைக் கொடுப்பது தான் சரி. அந்தச் சோதனையையே அணைத்துவிடும் வசதியும் இருக்கிறது, அதைத் தேடிப்பிடித்து அணைப்பவர்களும் இருக்கிறார்கள். மறுபடி அனாமத்து!

"என் மெஷின்ல ஓடுதே..."

வைவா அன்று கல்லூரிக் கணினியில் ஓடாமல் போவது ஒரு தேசியப் பிரச்சினை. தரவுக் கோப்பின் முகவரியை வீட்டுக் கணினியின் டி டிரைவ் என்று நிரலுக்குள்ளேயே எழுதியிருப்பார்கள், அங்கே டி டிரைவே இருக்காது. மென்பொருள் இருக்கும் இடத்தை ஆப்.பாத் மூலம் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

அதோடு நின்றுவிடக் கூடாது. 2007-ல் கடைகளுக்கு வந்த விஸ்டாவிலிருந்து, புரோகிராம் ஃபைல்ஸ் அடைவுக்குள் சாதாரணப் பயனர் எழுத முடியாது. பழைய மென்பொருள் எழுத முயன்றால் விண்டோஸ் அதை அந்தப் பயனருக்கு மட்டுமான வேறு ஓரிடத்துக்குச் சத்தமில்லாமல் திருப்பிவிடும். கணக்கர் தன் பெயரில் நுழைந்து பதிந்த பில்கள், முதலாளி தன் பெயரில் நுழைந்தால் தெரியாது. முதலாளி கணக்கரைச் சந்தேகப்படுவார்! தரவுக்கென்று தனி அடைவு வைத்தால் இந்த அபவாதம் வராது.

ஓசிஎக்ஸ் கோப்பு பதியப்படவில்லை என்றால் நிறுவியோடு அதையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். ஜெட் 4.0 இல்லை என்று 64 பிட் கணினியில் செய்தி வந்தால் மென்பொருளை 32 பிட்டாகத் தொகுக்க வேண்டும். அந்த ஜெட்டுக்கு 64 பிட் வடிவமே கிடையாது.

தேடுவது எப்படி?

எல்லாப் பிழைக்கும் பட்டியல் போட முடியாது. முறை ஒன்று தான். எஃப்9 அழுத்தி ஒரு வரியில் நிரலை நிறுத்தி, எஃப்8 அழுத்தி ஒவ்வொரு வரியாக நகர்த்தி, மாறியில் என்ன எண் இருக்கிறது என்று பார்ப்பது. பேரேட்டின் ஒவ்வொரு பதிவையும் டிக் அடித்துக்கொண்டே வருவது போல. நிரல் பெரியது என்றால் நடுவில் நிறுத்திப் பாருங்கள். அதுவரை சரி என்றால் பிழை பின்பாதியில். இப்படிப் பாதி பாதியாகக் குறைத்தால் ஆயிரம் வரி நிரலையும் பத்தே முறையில் ஒரு வரிக்குக் கொண்டுவந்துவிடலாம்.

இன்னொன்று. இருப்பாய்வு பொருந்திவிட்டால் கணக்கு சரி என்று அர்த்தமில்லை என்பதும் வணிகவியல் மாணவருக்குத் தெரியும். விடுபிழை, விதிப்பிழை, ஈடுசெய் பிழை இவையெல்லாம் இருப்பாய்வில் தெரியாது. அதே போல செய்தியே தராத பிழைகளும் நிரலில் உண்டு, மேலே சொன்ன தேதியும் ரவுண்டும் அந்த ரகம். இவற்றுக்கு மருந்து, மூன்று பில்லைக் கையால் கணக்குப் போட்டு வைத்துக்கொண்டு மென்பொருளின் விடையோடு ஒப்பிடுவது. அதில் ஒரு பில் 5-ம் தேதியில் இருக்கட்டும், ஒன்றில் வரி சரியாக 50 பைசாவில் முடியட்டும்.

"இவ்வளவு எதுக்கு? புராஜெக்ட் முடிஞ்சா போதும்"

இப்படிக் கேட்பவர்களிடம் நியாயம் இல்லாமல் இல்லை. நேரம் குறைவு, லேப் நேரம் அதைவிடக் குறைவு. பிழைச் செய்திகளின் மொழியும் மனிதர்களுக்காக எழுதியது போல இருக்காது. முன்பு காசு கொடுத்து ரெடிமேட் புராஜெக்ட் வாங்கினார்கள், இப்போது செயற்கை நுண்ணறிவிடம் கேட்டால் நிமிடத்தில் நிரல் வருகிறது. அதைப் பயன்படுத்துவதில் தவறில்லை. செய்தியை ஒட்டி "இதற்கு என்ன அர்த்தம்?" என்று கேட்டால் அது நல்ல ஆசிரியர். "பிழை வராமல் பண்ணிக் கொடு" என்று மட்டும் கேட்டால், அதுவும் ஒரு ட்ரை, கேட்ச் போட்டு வாயை அடைத்துத் தந்துவிடலாம். கொடுத்த நிரல் சரியா என்று பார்க்கவாவது பிழை தேடத் தெரிந்திருக்க வேண்டுமே!

"கண்டுகொள்ளாதே" வரிக்கும் நியாயமான இடம் உண்டு. இருக்கலாம், இல்லாமலும் போகலாம் என்கிற ஒரு தற்காலிகக் கோப்பை அழிக்கும் ஒரே ஒரு வரிக்கு முன்னால் போட்டு, அடுத்த வரியிலேயே எடுத்துவிட்டால் குற்றமில்லை. அனாமத்துக் கணக்கும் அப்படித் தான். திறப்பது தவறில்லை, முடிக்காமல் விடுவது தான் தவறு.

மதிப்பெண் வாங்கியதும் புராஜெக்ட் குறுந்தகடு பரணுக்குப் போய்விடும். ஆனால் அதை எழுதியவர் நாளைக்கு ஒரு கடையிலோ, ஆடிட்டர் அலுவலகத்திலோ, வங்கியிலோ உட்காரப் போகிறவர். எண் பொருந்தாதபோது தேடுவதா, மறைப்பதா என்கிற பழக்கம் அவரோடு கூடவே போகும். அந்தப் பழக்கத்தைக் கற்றுக்கொள்ள, தப்பு செய்தால் யாருடைய பணமும் போகாத கல்லூரி லேபை விட நல்ல இடம் வேறு இல்லை.

அடுத்த முறை அந்தப் பெட்டி திரையில் வந்தால், ஓகே அழுத்தும் முன் ஒரு முறை முழுசாகப் படியுங்கள் நண்பர்களே!